11982-ஆம் ஆட்டம்

விழுப்புரம்,
3.8.1998

அன்புக் காதர் பாய்க்கு,

இன்னாசிராஜ் எழுதுவது. திண்டிவனம் கிளைக்கு மாற்றலாகிப் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஒரு வரி எழுதத் தோன்றவில்லையே உங்களுக்கு? நம் பார்சல் வேன் தினமும் இரண்டு ஊருக்கும் நடுவே இரண்டு நடை போய் வருகிறது. ரசீதுக் கவரில் ஒரு தாளைச் செருகிவிட்டால் டிரைவர் சுப்பராயலு கொண்டுவந்து என் மேஜையில் போட்டுவிடுவார். தபால்தலைகூட வேண்டாம். ஆனாலும் உங்களுக்குச் சோம்பல்.

இங்கே கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அங்கேயும் வந்திருக்கும். அதற்குள் ஒரு சீட்டாட்டம் இருக்கிறது, ஃப்ரீசெல் என்று பெயர். உங்கள் அண்ணி பவுலினிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், சீட்டு என்றாலே அவளுக்கு ஆகாது. ஐம்பத்திரண்டு சீட்டையும் எட்டு வரிசையாக, எல்லாவற்றையும் முகம் தெரியப் பரப்பிவிடும். ஒளிவுமறைவு கிடையாது. சிவப்பின்மேல் கறுப்பு, கறுப்பின்மேல் சிவப்பு என்று ஒவ்வொன்றாக இறக்கிக் கட்ட வேண்டும். இடது மேல்மூலையில் நாலு காலி அறை. இடைஞ்சலான சீட்டைத் தற்காலிகமாக அதில் வைக்கலாம், அறைக்கு ஒன்றுதான். வலது மூலையில் ஏஸில் ஆரம்பித்து ராஜா வரை நாலு ஜாதியையும் அடுக்கிவிட்டால் ஜெயம். நாலு அறையும் அடைபட்டுவிட்டால் மூச்சு முட்டிப்போகும், பாய்.

மொத்தம் முப்பத்திரண்டாயிரம் ஆட்டம். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. எண்ணைச் சொன்னால் உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரிலும் அதே சீட்டுதான் வருமாம். 7254 போட்டுப் பாருங்கள். எனக்கு மூன்றாவது தடவை வந்தது. உங்களுக்கு எத்தனை என்று மறைக்காமல் எழுதவும்.

அன்புடன்,
இன்னாசிராஜ்


திண்டிவனம்,
24.8.1998

அன்புள்ள இன்னாசி அண்ணனுக்கு,

காதர் பாட்சா எழுதுவது. இறைவன் அருளால் இங்கு ஜமீலாவும் நானும் சுகம். அங்கு அண்ணியும் ரோஸ்லின் பாப்பாவும் சுகம்தானே?

7254 எனக்கு இரண்டாவது தடவையே வந்தது. வயிறு எரிய வேண்டாம். ஆனால் நடுவில் ஒரு ராஜா தலை இருக்கிறதே, நாம் எந்தப் பக்கம் போகிறோமோ அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறான். நம் மேனேஜர் பார்ப்பது மாதிரியே இருக்கிறது. ஒரே ஒரு வழிதான் பாக்கி என்றால் மேலே இருக்கும் நீலப் பட்டை சிமிட்டுகிறது. அதைப் பார்த்தால் மவுஸை விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறேன்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். போன வாரம் என் பிறந்த தேதியை எண்ணாகப் போட்டேன். 5-4-51, அதாவது 5451. முதல் தடவையே வந்தது! ஜமீலாவுக்கு 4-12-57. 41257 போட்டால், இவ்வளவு பெரிய எண் கிடையாது என்று கம்ப்யூட்டர் தள்ளிவிட்டது. "அப்ப நான் பொறக்கவே இல்லியா?" என்று கேட்டு இரண்டு நாளாகப் பேசவில்லை. உங்கள் வீட்டிலும் ஜாதகம் கிடையாது, எங்கள் வீட்டிலும் கிடையாது. நமக்கு இதுதான் ஜாதகம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். உங்கள் வீட்டுத் தேதிகளையும் போட்டுப் பார்த்து எழுதுங்கள்.

தங்கள்,
காதர் பாட்சா


விழுப்புரம்,
11.9.1998

அன்புப் பாய்க்கு,

நல்ல பழக்கம் சொல்லிக் கொடுத்தீர்கள். என்னுடையது 2749, மூன்றாவது தடவை வந்தது. பவுலினுடையது 1555, முதல் தடவை. அவள் மாதிரியே வளைந்து கொடுத்துப் போகிறது. அதற்கும் எனக்கே புகழ் சேர வேண்டும், கட்டிக்கொண்டவன் நான்தானே.

இன்றைக்கு ரோஸ்லினுக்குப் பதினாறு முடிகிறது. காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளுடையதைப் போட்டேன். 11-9-82. வரவில்லை. மறுபடி போட்டேன், வரவில்லை. சாப்பாட்டுக் கூடையைத் திறக்காமல் சாயங்காலம் வரை பதினேழு தடவை ஆடிவிட்டேன், பாய். ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்தில் நன்றாகப் போவது போலிருக்கிறது. பாதியில் நாலு அறையும் அடைத்துக்கொள்கிறது. நீங்களும் ஒரு கை பாருங்கள். விளையாட்டுதான், இருந்தாலும் பிறந்தநாளும் அதுவுமாக மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

அன்புடன்,
இன்னாசி


திண்டிவனம்,
21.9.1998

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் பத்துப் பன்னிரண்டு தடவை பார்த்தேன். எனக்கும் வரவில்லை. அதற்குள் இருக்கும் உதவிப் பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். எல்லா ஆட்டமும் ஜெயிக்கக் கூடியவை என்று நம்பப்படுகிறது, ஆனால் நிரூபிக்கப்படவில்லை என்று போட்டிருக்கிறான். எழுதினவனுக்கே நிச்சயம் இல்லை. இதற்குப் போய்ச் சாப்பாட்டை விடுவார்களா? பாப்பாவுக்கு ஒரு சுடிதார் எடுத்துக் கொடுங்கள், அது போதும்.

தங்கள்,
காதர்


விழுப்புரம்,
8.7.2002

அன்புப் பாய்க்கு,

வேனில் ஏறி நேரிலேயே வந்திருப்பேன். நேரில் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன்.

ரோஸ்லின் நர்சிங் முடித்துவிட்டாள். கூடப் படித்த பெண்ணின் அண்ணன் அந்தோணி பிரபு, அனந்தபுரத்துக்காரன், எக்ஸ்ரே எடுக்கிற வேலை. போன மாதம் அவன் அப்பா அம்மாவோடு பெண் கேட்டு வந்தான். ரோஸ்லினுக்கும் இஷ்டம் என்று பவுலின் சொல்கிறாள். நல்ல பையன்தான். என் வாயால் குறை சொல்ல முடியாது. ஆனால் அவன் எண் 23379, ஏழாவது தடவைதான் வந்தது. ரோஸ்லினுடையது உங்களுக்குத் தெரியும். நாலு வருஷமாக ஆடுகிறேன், இன்னும் வரவில்லை. இரண்டு இறுக்கமான எண்ணைச் சேர்த்து வைத்தால் என்ன ஆகும்? சொந்தத்தில் பார்க்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சிரிக்காதீர்கள். அவளை நர்சிங்கில் சேர்த்த நாள், பவுலினுக்குக் கட்டி எடுத்த நாள், எல்லாம் போட்டுப் பார்த்துத்தான் செய்தேன். எல்லாம் நல்லபடி முடிந்தது. இந்த ஒரு எண்தான் எனக்குப் பிடி கொடுக்கவில்லை. உங்கள் தம்பி மகன் யாஹ்யா பாண்டிச்சேரியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறானே, 11982-க்கு விடை எங்காவது கிடைக்குமா என்று தேடச் சொல்லுங்கள். எனக்கு வேறு யாரிடமும் கேட்க முடியாது.

அன்புடன்,
இன்னாசி


திண்டிவனம்,
29.7.2002

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்துச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. நான் விளையாட்டாகச் சொன்னதை நீங்கள் இத்தனை தூரம் கொண்டுபோவீர்கள் என்று நினைக்கவில்லை.

யாஹ்யா தேடிப் பார்த்துவிட்டான். அமெரிக்காவில் ஒரு மருத்துவ மாணவர் 1978 வாக்கில் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் இதை எழுதினாராம். அதற்கு முன்பே கைச்சீட்டில் இதற்குப் பங்காளி ஆட்டம் ஒன்று இருந்திருக்கிறது. பிறகு 94, 95-ல் ஒருவர் முப்பத்திரண்டாயிரம் ஆட்டத்தையும் பங்கு போட்டு, ஆளுக்கு நூறு என்று இன்டர்நெட் வழியாகப் பல பேருக்குக் கொடுத்து ஆடச் சொல்லியிருக்கிறார். எல்லாம் முடிந்தது. ஒன்றே ஒன்றுதான் யாருக்கும் வரவில்லை. கம்ப்யூட்டரையே ஆடவிட்டும் வரவில்லை. அதுதான் 11982.

ஆகவே, அண்ணே, இது உங்கள் குறையும் இல்லை, பாப்பாவின் குறையும் இல்லை. பரப்பும்போதே அப்படி விழுந்த சீட்டு. நிம்மதியாக மூடி வைத்துவிட்டு அனந்தபுரத்துக்கு ஆள் அனுப்புங்கள்.

தங்கள்,
காதர்


விழுப்புரம்,
2.12.2002

அன்புப் பாய்க்கு,

உங்கள் கடிதத்தை நாலு மாதமாகச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நிம்மதி என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பத்திரண்டாயிரத்தில் ஒன்று, பாய். ஒன்றே ஒன்று. அது எத்தனையோ வீடு இருக்க என் வீட்டில் வந்து பிறந்திருக்கிறது. இது தெரிந்த பிறகு எப்படிக் கண்ணை மூடிக்கொண்டு கட்டிக் கொடுப்பேன்? அவள் எண் பூட்டின எண் என்றால், வருகிறவன் எண் திறந்ததாக இருக்க வேண்டும். அதுதான் நான் கண்ட வழி.

கிடைத்துவிட்டது. பெயர் ஜூட். உங்கள் ஊர்தான். மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு, உங்கள் ஆபீசிலிருந்து நாலு தெரு. சொந்தமாக மரக்கடை. அப்பா இல்லை, அம்மா மட்டும். ஒன்பது வரன் வந்தது, ஒன்பதையும் போட்டுப் பார்த்தேன். இவன் 4-6-76. 4676 முதல் தடவையே, ஒரு அறையைக்கூட முழுசாக நம்பாமல், தண்ணீர் மாதிரி ஓடி வந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ரோஸ்லின் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். காரணம் கேட்கிறாள். என்ன சொல்வது? நாளாக நாளாகச் சரியாகிவிடும். கல்யாணம் பிப்ரவரி ஐந்து, 5203-ம் வந்துவிட்டது. ஜனவரியில் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்பார். அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு உதவி. நீங்களும் ஒரு தடவை அங்கே 4676 போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் கைக்கும் வந்துவிட்டால் எனக்கு முழுத் திருப்தி.

அன்புடன்,
இன்னாசி


திண்டிவனம்,
9.12.2002

அன்புள்ள அண்ணனுக்கு,

4676 போட்டேன். முதல் தடவையே வந்துவிட்டது. வாழ்த்துகள். ஜமீலாவும் நானும் கல்யாணத்துக்கு முதல்நாளே வந்துவிடுவோம்.

ஒன்று மட்டும். நம் லோடுமேன் விருத்தாசலத்திடம் மாப்பிள்ளை வீட்டைச் சொன்னேன். "அந்த வூடா சார்? நல்லா வெசாரிச்சிட்டாங்களா?" என்றார். என்ன என்று கேட்பதற்குள் லாரி வந்துவிட்டது. மரக்கடைக்காரர்களோடு ஏற்றிறக்கத் தகராறு ஏதாவது இருக்கும். நீங்கள் எதற்கும் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

தங்கள்,
காதர்


திண்டிவனம்,
22.1.2004

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று ரோஸ்லின் ஆபீசுக்கு வந்தாள். பார்சல் ஒன்றும் இல்லை, சும்மா பார்க்க வந்தேன் மாமா என்றாள். வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார்களாம். வெயிலில் முழுக்கை ஜாக்கெட் போட்டிருந்தாள். தண்ணீர் செம்பை இடது கையால் வாங்கினாள். வலது கை மணிக்கட்டு வீங்கியிருந்தது. என்னம்மா என்றேன். "கதவுல மாட்டிகினுச்சி மாமா" என்று சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்தாள். ஐந்து நிமிஷம்கூட உட்காரவில்லை.

அண்ணே, ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

காதர்


விழுப்புரம்,
24.1.2004

அன்புப் பாய்க்கு,

வீணாகக் கலவரப்படாதீர்கள். புதுக் குடும்பம் என்றால் ஒன்றிரண்டு உரசல் இருக்கும். பொங்கலுக்கு வந்திருந்தபோது மாப்பிள்ளை என்னோடு எத்தனை மரியாதையாகப் பேசினார் தெரியுமா? மேலும் 4676-ஐ இந்த மாதம்கூட மறுபடி போட்டுப் பார்த்தேன். முதல் தடவையே வந்தது. அது மாறவில்லை. உங்கள் கைக்கும் வந்ததுதானே? நீங்களே எழுதினீர்களே.

பவுலின் அங்கே வர வேண்டும் என்று அழுதுகொண்டிருக்கிறாள். தவக்காலம் வருகிறது, அது முடியட்டும், நாள் பார்த்து அழைத்து வருகிறேன்.

அன்புடன்,
இன்னாசி


திண்டிவனம்,
16.6.2004, காலை 9 மணி

அண்ணனுக்கு,

அவசரம். போன் மேனேஜர் மேஜையில் இருக்கிறது, இதை அவர் முன்னால் பேச முடியாது. காலை வேனில் சுப்பராயலு கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ரோஸ்லின் இங்கே ஆபீசில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் துணிப்பை ஒன்று மட்டும். நெற்றியில் கட்டுப் போட்டு அழைத்து வந்திருக்கிறேன். மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். வயிற்றில் உதைத்தானாம். இனி அந்த வீட்டுக்குப் போக மாட்டேன் என்கிறாள். அவன் செங்கல்பட்டுக்கு மரம் எடுக்கப் போயிருக்கிறான், சாயங்காலம் திரும்பிவிடுவான்.

என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். "அப்பா வர்றாருன்னா நான் இங்கியே உக்காந்துகினு இருக்கேன் மாமா" என்கிறாள். மதிய வேனிலேயே ஏறி வந்துவிடுங்கள். நாற்பது கிலோமீட்டர்தான். வேறு எதையும் பார்க்காதீர்கள்.

காதர்


விழுப்புரம்,
16.6.2004, மதியம் 12 மணி

பாய்க்கு,

படித்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியும் விட்டேன். வாசல்வரை போனவன் திரும்பி வந்து இன்றைய தேதியைப் போட்டேன். 16-6-04. பதினான்கு தடவை ஆயிற்று, வரவில்லை. இந்த மாதிரி நாளில் போய் நின்றால் காரியம் இன்னும் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நாளைய எண் 17604 இரண்டாவது தடவை வந்துவிட்டது. நாளை முதல் வேனில் கட்டாயம் வருகிறேன். அதுவரை பாப்பாவைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். நான் அவள் நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்று சொல்லுங்கள்.

இன்னாசி


திண்டிவனம்,
18.6.2004

அண்ணனுக்கு,

நேற்று நீங்கள் வந்து நின்று, "எங்க பாய் எம் பொண்ணு?" என்று கத்தினபோது எல்லார் முன்னாலும் சொல்ல முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அன்றைக்கு ஒன்றரை மணிக்கு வேன் வந்து நின்றது. ரோஸ்லின் எழுந்து வாசலுக்குப் போனாள். சுப்பராயலு மட்டும் இறங்கி உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். நான் படிப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டினாள். கொடுக்காமல் இருக்க முடியவில்லை. படித்துவிட்டு, "இது என்ன மாமா நம்பரு?" என்றாள். அவளுக்கு எதுவுமே தெரியாது, அண்ணே. அந்தோணி பிரபுவை ஏன் வேண்டாம் என்றீர்கள், இவனை ஏன் பிடித்தீர்கள் என்று இத்தனை நாளாக அவளுக்குத் தெரியவே தெரியாது. நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. என் எண்ணைக் காட்டுங்கள் என்றாள். போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்தச் சீட்டுகளைப் பார்த்தாள். ஒன்றையும் நகர்த்தவில்லை. "இதுக்காவா?" என்று மட்டும் கேட்டாள். மூடப் போனால், இந்த ஆட்டத்தைக் கைவிடுகிறீர்களா என்று அது கேட்கும் இல்லையா? அவளே மவுஸை வாங்கி ஆம் என்று அழுத்தினாள். அப்புறம் பையை எடுத்துக்கொண்டாள். மூன்று மணி பஸ்ஸில் நானும் ஜமீலாவும் ஏற்றிவிட்டோம். எங்கே என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன்.

ஐந்து மணிக்கு அவன் மரக்கட்டையோடு வந்து நின்றான். விருத்தாசலம்தான் மறித்தார். அவரிடம் அன்றைக்கு என்ன சொல்ல வந்தீர் என்று இப்போதுதான் கேட்டேன். ஜூட்டுக்கு முதலிலேயே பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு பெண்ணோடு நிச்சயமாகி, அவளை அடித்து, அது நின்றுபோனதாம். தெருவில் எல்லாருக்கும் தெரியுமாம்.

நாலு தெரு, அண்ணே. நீங்கள் என்னை எண் போட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். நான் உட்கார்ந்த இடத்தில் போட்டுப் பார்த்தேன். எழுந்து நாலு தெரு நடக்கவில்லை. உங்களைக் கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை? இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்ததும் நான்தான். ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து அந்த ஆட்டத்தை எடுத்துப் போடச் சொல்லிவிட்டேன்.

காதர்


விழுப்புரம்,
20.11.2004

அன்புள்ள பாய்க்கு,

ஆறாவது கடிதம் இது. ஐந்துக்கும் நீங்கள் ஒரே வரிதான் எழுதினீர்கள், நலமாக இருக்கிறாள் என்று. அந்த வரியைப் பவுலின் ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு போடுகிறாள், அவ்வளவுதான்.

ஒரு நல்ல செய்தி சொல்ல வேண்டும். இங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் புதுக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. அதில் பத்து லட்சம் ஆட்டம் இருக்கிறது, பாய். மாத எண்ணுக்கு முன்னால் வர வேண்டிய பூஜ்யத்தை நான் விட்டு எழுதிய தப்புதான் இத்தனைக்கும் காரணம். 11-09-82 என்று முறையாக 110982 போட்டேன். மூன்றாவது தடவை வந்துவிட்டது! கடைக்காரர் ஓடி வரும் அளவுக்குச் சத்தம் போட்டு அழுதுவிட்டேன். அவள் எண் வந்துவிட்டது என்று அவளிடம் சொல்லுங்கள். இனி பயமில்லை, வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கணக்குப்படி அடுத்த மாதம் பிரசவம் இருக்க வேண்டும். இப்போதெல்லாம் நல்ல நேரம் பார்த்து ஆபரேஷன் செய்து எடுக்கிறார்களே. டிசம்பர் முப்பத்தொரு நாளையும் போட்டுப் பார்த்து வைத்துவிட்டேன். தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். சிவப்பு மையில் சுழித்த நாட்கள் மட்டும் வேண்டாம். அவளுக்குச் செய்ததை இந்தக் குழந்தைக்குச் செய்ய மாட்டேன். எப்படியாவது அவளிடம் சேர்த்துவிடுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

இன்னாசி


திண்டிவனம்

இன்னாசி அண்ணனுக்கு,

நீங்கள் அனுப்பிய தாளை ரோஸ்லினிடம் சேர்த்தேன். பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள். இதனுடன் இருக்கிறது.

பெண் குழந்தை. தானாகப் பிறந்தது, யாரும் நாள் பார்க்கவில்லை. தாயும் பிள்ளையும் சுகம். ஜமீலா முதலில் கையில் வாங்கினாள். நிறையத் தலைமுடி. உங்கள் மூக்கு என்று ஜமீலா சொன்னாள். பவுலின் என்றே பெயர் வைத்திருக்கிறாள். அண்ணிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். அண்ணி மட்டும் வருவதென்றால் நான் அழைத்துப் போகிறேன், அதற்கு ரோஸ்லின் சம்மதித்துவிட்டாள்.

உங்களைப் பற்றியும் கேட்டேன். குழந்தையைத் தட்டித் தூங்க வைத்தாள். அப்புறம் சொன்னாள். "அப்பாவுக்கு எல்லாத்தியும் எழுதுங்க மாமா. பேரு எழுதுங்க, கொழந்த நல்லா கீதுன்னு எழுதுங்க. பொறந்த தேதிய மட்டும் எழுதாதீங்க."

அதனால் எழுதவில்லை. கடிதத்தின் தலையில் தேதி இல்லாததை மறதி என்று நினைக்க வேண்டாம். வந்து சேரும் நாளை வைத்துக் கணக்குப் போடக்கூடாது என்று சில வாரம் மேஜையில் வைத்திருந்து, தபால் முத்திரை விழாமல் சுப்பராயலு கையில் கொடுத்தனுப்புகிறேன். அவருக்கும் தெரியாது. அவரைக் கேட்காதீர்கள்.

காதர் பாட்சா